வேறு கடிகாரத்தின் முள்

நெல்பாவுக்கு முதல் சந்தேகம் வந்தது ஓர் இலையால்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் புருஷன் வால்டெமார், மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கும் குடுவையை அவளிடம் திருப்பி நீட்டி, "இதுல கொஞ்சம் செட்ரோன் இலை போட்டா நல்லா இருக்கும், கிழவி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் குடித்தது வெறும் கசப்பு மாத்தே. யாராவது சர்க்கரை போட்டாலோ ஆரஞ்சுத் தோல் போட்டாலோ, சூப் வைக்கிறீர்களா என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு திடீரென்று எலுமிச்சை வாசனை கேட்கிறது. எங்கே குடித்தாய் என்று கேட்டாள். சந்தையில் என்று சொல்லிவிட்டு, பாதிக் குடுவையை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினான்.

சந்தை என்றால் மொந்தெவிதேயோவில் திரிஸ்தான் நார்வாஹா தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். வால்டெமார் இரண்டு பல் டாக்டர்களுக்குப் பல்செட் கட்டிக்கொடுப்பவன். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பொருந்துகிற வெள்ளையைத் தேடுவான். ஞாயிற்றுக்கிழமை பழைய கைக்கடிகாரம் தேடுவான். லா ஊனியோனில் அவர்கள் குடியிருந்த வீட்டில் துணி அலமாரியின் இழுப்பறைகளில் பாதி கடிகாரங்களுக்குத்தான். நெல்பா அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. அவள் வீட்டிலிருந்தே துணி திருத்தித் தருபவள். கல்யாண கவுன் இறுக்கம், கோட்டுத் தோள் தொங்கல் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீடு காலியாக இருப்பது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

தவிர, அவனைப் பற்றி அவளுக்கு ஒரு திடம் இருந்தது. வால்டெமாருக்குப் பொய் வராது. போலியாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அவன் வாய் சும்மா இருக்காது. அவன் தங்கை ஒடிலாவின் வீட்டு ஞானஸ்நான விருந்தில், அவளுடைய மாமனார் தன் பணி ஓய்வின்போது கிடைத்த தங்கக் கடிகாரத்தைக் காட்டியபோது, எல்லோர் முன்னாலும் இது முலாம், டயலும் மறுபடி எழுதியது என்று சொல்லிவிட்டான். கிழவர் கேக்கைத் தொடவில்லை. நெல்பாவையும் விட்டதில்லை. கல்யாண வெள்ளிவிழா அன்று போட்டுக்கொள்ளத் தானே தைத்த ரவிக்கையைப் பார்த்து, இடது கை மேலே தூக்கியிருக்கிறது என்றான். தூக்கித்தான் இருந்தது. அன்றைக்கு அழுதாள். ஆனாலும் பொய் சொல்லத் தெரியாத ஆம்பிளை வேறொருத்தியிடம் போக முடியாது என்று அதையே ஒரு சொத்தாக வைத்திருந்தாள்.

ஒடிலாதான் அந்தச் சொத்தில் கைவைத்தாள். துணி திருத்த வந்தவள், சந்தையில் அண்ணனைப் பார்த்ததாகவும், ஒரு விதவையின் கடிகார மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குடுவையிலேயே மாத்தே குடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். மாத்தே என்றால் எல்லோரும் ஒரே குடுவையில்தானே குடிக்கிறோம் என்றாள் நெல்பா.

"எல்லாரும்தான் குடிக்கிறோம். ஆனா எல்லாருக்காகவும் எங்கண்ணன் வீட்டுலேர்ந்து மடக்கு நாற்காலி தூக்கிட்டுப் போறதில்லையே" என்றாள் ஒடிலா, நெல்பா குண்டூசி குத்தக் கையைத் தூக்கிக் காட்டியபடியே.

அவள் போன பிறகு நெல்பா பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு நாற்காலியில் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானும் வருகிறேன் என்றாள். வால்டெமார் ஆச்சரியப்பட்டானே தவிர மறைக்கப் பார்க்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோழிக்குஞ்சுக் கூண்டு, பழைய சாவிக்கொத்து, செல்லாத நாணயம் எல்லாவற்றையும் தாண்டி நேராக ஒரு பச்சைத் துணி விரித்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நெல்பாவின் மடக்கு நாற்காலியில் அந்த விதவை, இவோன், உட்கார்ந்திருந்தாள்.

அழகியாக இருப்பாள் என்று நினைத்துத்தான் நெல்பா காதில் கம்மல் போட்டுக்கொண்டு போயிருந்தாள். இவோனுக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. தடித்த விரல்கள், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அழகியாக இருந்திருந்தால் விஷயம் இன்னதென்று புரிந்திருக்கும். இது என்னவென்று புரியவில்லை. அவள் புருஷன் ஏபெர் கடிகாரம் பழுதுபார்ப்பவன். இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. கடையில் மிச்சமிருந்ததை எடுத்து வந்து விற்கிறாள். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில், தன் புருஷன் ஆயுசில் ஒரு முள்ளைக்கூட மாற்றிப் பொருத்தியதில்லை என்று இரண்டு முறை சொன்னாள்.

"நீங்கதான் நெல்பாவா? உங்க கையப் பத்தி அவர் சொல்லாத நாளில்ல" என்றாள். "தோள் தையலப் பிரிச்சு வேற இடத்துல வச்சா, அந்தத் தையலுக்கே தெரியாதாமே."

நெல்பா புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னவனில்லை. அவளுக்குச் சேரவேண்டியதை இந்த மேசையில் கொண்டுவந்து செலவழித்திருக்கிறான் என்று தோன்றியது. பிறகு அவனும் இவோனும் அந்தத் திறந்த கடிகாரத்தின் மேல் தலை கவிழ்ந்தார்கள். ரூபிக்கல், பல்சக்கரம், சின்ன வினாடி வட்டம் என்று ஏதேதோ பேசினார்கள். இருவர் நெற்றிக்கும் நடுவே ஒரு ஜாண் இடம்கூட இல்லை. நெல்பா கைப்பையைப் பிடித்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். இவோன் நீட்டிய மாத்தேயில் செட்ரோன் வாசனை அடித்தது. நன்றாகவும் இருந்தது.

வீடு திரும்பும் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டாள். அந்த இரண்டு தலைக்கும் நடுவே என்ன பேச்சு நடக்கிறதென்று புரியாமல் இனி அங்கே நிற்கக்கூடாது. அன்று சாயங்காலமே சமையலறை மேசையில் அவனை உட்காரவைத்து, எது போலி எது நிஜம் என்று எப்படித் தெரிகிறது, எனக்கும் காட்டு என்றாள்.

வால்டெமாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். நிமிஷ முள் போய் விளிம்புக் கோடுகளைத் தொட வேண்டும், எட்டாமல் நின்றால் அது வேறு கடிகாரத்தின் முள். சின்ன வினாடி வட்டம் நடுவை ஒட்டி வந்துவிட்டால், சிறிய மெஷினைப் பெரிய கூட்டில் வளையம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டில் ஒளிர்கிற பூச்சு பூசிய முள் பல வருஷம் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அடியில் டயலில் பழுப்பாக அதன் நிழல் விழுந்துவிடும்; அந்த நிழலும் மேலே இருக்கிற முள்ளும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். மறுபடி எழுதிய டயலில் எழுத்து தடித்திருக்கும், கீழே விளிம்பில் இருக்கவேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும்.

"பல்லு மாதிரிதான் கிழவி. அறுபது வயசு வாயில ஒரே ஒரு பல்லு மட்டும் பளிச்சுனு இருந்தா நமக்குத் தெரியாதா?"

அவளுக்குத் துணி மாதிரித்தான் பட்டது. ஒரே கோட்டில் ஆறு பொத்தானில் ஒன்று பிற்பாடு தைத்ததென்றால், அது எந்தப் பொத்தான் என்று அவள் தொட்டே சொல்லுவாள். கண் சீக்கிரம் பழகிவிட்டது. அந்தக் குளிர்காலச் சாயங்காலங்களில் மேசை விளக்கடியில் இருவரும் ஒரே லென்ஸை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். பந்தயம் கட்டினார்கள், சண்டை போட்டார்கள், அடுப்பில் வைத்ததைத் தீயவிட்டார்கள். எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பதே சில நாள் அவளுக்கு மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை வந்து, இவோனைக் கண்டதும் அவன் நடையில் ஒரு வேகம் கூடுவதைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும்.

எதிர்மேசை குவால்பெர்த்தோ என்பவன் வால்டெமாருக்கு ஒரு லான்ஜீன் கடிகாரத்தைத் தள்ளிவிடப் பார்த்தபோது நெல்பா புருஷனின் முழங்கையை அழுத்தினாள். டயல் எழுத்து புதிது என்றாள். வால்டெமார் அதைக் கவனித்திருக்கவே இல்லை. அதைக் கேட்ட இவோன் மேசைக்குப் பின்னாலிருந்து கைதட்டிச் சிரித்தாள். அவள் கைதட்டியது தனக்குப் பிடித்துப்போனதுதான் நெல்பாவுக்கு அன்று முழுக்கக் கசந்தது.

வசந்தம் தொடங்கிய சமயம். வால்டெமார் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கடைசி இழுப்பறையில் ஒரு பச்சைத் துணியில் தனியாகச் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தாள். ஐந்து கடிகாரம். ஐந்தும் இவோனிடம் வாங்கியவை என்று அவளுக்குத் தெரியும். இவற்றை மட்டும் அவன் மேசைக்குக் கொண்டுவந்ததே இல்லை. காதலியின் கைக்குட்டை மாதிரி ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் லென்ஸை எடுத்தாள்.

முதல் கடிகாரத்தில் நிமிஷ முள் குட்டை. இரண்டாவதில் சின்ன வினாடி வட்டம் நடுவை ஒட்டிக் கிடந்தது. மூன்றாவதில் டயலில் ஈட்டி மாதிரி ஒரு பழுப்பு நிழல். மேலே இருந்த முள்ளோ நேர்க்கோடு. மற்ற இரண்டும் அதைவிட மோசம். ஐந்தும் ஒட்டுப்போட்டவை.

நெல்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அந்தப் பொம்பளை இவனை ஏமாற்றியிருக்கிறாள். மாத்தேயைக் கொடுத்து, சிரித்துப் பேசி, குப்பையைத் தலையில் கட்டியிருக்கிறாள். காட்டினால் போதும், முடிந்தது. போலியைக் கண்டால் பொறுக்காத ஆள் அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. சந்தை சோர்ந்து கிடந்ததால் வால்டெமார் சீக்கிரமே வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பதிலாக ஐந்து கடிகாரத்தையும் மூடி திறந்து வரிசையாக வைத்திருந்தாள். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் ஒவ்வொன்றாகக் குறையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் தலையாட்டிக் கேட்டான். அவள் முடித்ததும் நான்காவதை எடுத்துத் திருப்பினான்.

"இதுல ஒன்ன விட்டுட்டே. பின்மூடியும் இதோடது இல்ல."

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சேவா வாங்கினே?"

"தெரிஞ்சுதான்."

பிறகு கோட்டோடேயே உட்கார்ந்து சொன்னான். கடைசிக் காலத்தில் ஏபெருக்குக் கை நடுக்கம். பழுதுக்கு யாரும் கொண்டுவந்து தராமல் போனார்கள். கையில் கிடந்ததையெல்லாம் பொருத்தி, முழுக் கடிகாரம் என்று விற்க ஆரம்பித்திருக்கிறான். அவன் அப்படிச் செய்தது இவோனுக்குத் தெரியாது. அவள்தான் சந்தை முழுக்க அவன் நேர்மையைச் சொல்லிக்கொண்டு திரிகிறாளே. குவால்பெர்த்தோ மாதிரி ஒருவன் கையில் இதில் ஒன்று சிக்கினால் தெரு முழுக்கக் கேட்கக் கத்துவான். அதனால் மேசையில் அப்படி ஒன்று வந்தால், வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் தான் வாங்கிவிடுவதாகச் சொன்னான்.

"அவகிட்டயே சொல்லிடலாமே."

"எப்படிச் சொல்றது கிழவி?"

"என்கிட்ட எப்படிச் சொல்லுவியோ அப்படி."

வால்டெமார் பின்மூடியை எடுத்து மூடினான். அது சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்தினான்.

நெல்பா எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். அவன் இவோனைத் தொட்டிருப்பானோ என்று மாதக்கணக்கில் யோசித்துச் செத்தது இப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது. தொட்டிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். ஒடிலாவின் மாமனார் முகம் சுண்டிப்போகும் என்று தெரிந்தும் வாயை மூடாதவன், அவளுடைய வெள்ளிவிழா ரவிக்கைக்கு ஒரு பொய் சொல்ல முடியாதவன், அந்தப் பச்சைத் துணி மேசைக்கு முன்னால் ஐந்து தடவை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அவளுக்காக ஒரே ஒரு தடவை அப்படி நின்றிருந்தால் என்ன? அவித்த ராவியோல் கொழுக்கட்டையைப் பரிமாறினாள். வேகாமல் எடுத்துவிட்டாய் என்றான். ஆமாம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்டெமாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பொத்தான் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நெல்பா தனியாகப் போனாள். வழி நெடுக வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனாள். உங்கள் புருஷன் போலிக்காரன், என் புருஷன் உங்கள் மேல் இரக்கப்பட்டுக் குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று இரண்டே வாக்கியம். சொல்லிவிட்டு, அந்த முகம் எப்படி ஆகிறதென்று பார்க்க வேண்டும்.

இவோன் வால்டெமாரின் இடுப்பைப் பற்றி விசாரித்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். நெல்பா அதை வாங்காமல் தட்டிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த முள்ளு இந்தக் கடிகாரத்தோடது இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றாள் இவோன்.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்துக்கு அதற்குமேல் போக இடமில்லை. தான் நீட்டிய குடுவையை இவோனே உறிஞ்சினாள். பிறகு மெதுவாகப் பேசினாள். முதல் இரண்டும் விற்றபோது தெரியாது. மூன்றாவதை வால்டெமார் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மாறியது. பிறகு மூடி, நல்ல கடிகாரம் என்று சொல்லிப் பணத்தை எடுத்தார். அன்று வீட்டுக்குப் போய் மிச்சத்தையெல்லாம் பிரித்துப் பார்த்து, ஏபெர் என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அழுதாள்.

"தெரிஞ்ச பிறகும் இன்னும் ரெண்டு வித்திருக்கீங்க."

"வித்தேன்." இவோன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். "அவர் அப்படி ஒரு நிமிஷம் பேசாம நிப்பாரு பாருங்க. எனக்காக ஒருத்தர் பேசாம நிக்கிறாரேன்னு இருக்கும். அதுக்காகத்தான் வித்தேன். வேற ஒன்னும் நடக்கல, நெல்பா. அவ்வளவுதான்."

"அது போதாதா?" என்றாள் நெல்பா.

இவோன் மறுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரன் கிளிக்கூண்டைத் துணி போட்டு மூடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொம்பளை மறுத்திருந்தால், சிரித்திருந்தால், நீங்கள் தப்பாக நினைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நெல்பா மேசையைக் கவிழ்த்திருப்பாள். இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். சொல்லாமலே இருவருக்கும் தெரிந்த ஒன்று அவர்களுக்கு நடுவே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லியே வாழ்ந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லை.

கடைசியில் நெல்பா ஒன்று கேட்டாள். இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுங்கள் என்றாள். இவோன் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைத் தூக்கி வைத்தாள். இருவரும் அந்த வெயிலில் உட்கார்ந்து பிரித்தார்கள். சந்தேகம் வந்ததை ஒருத்தி எடுத்து இன்னொருத்தியிடம் கொடுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தலைக்கும் நடுவே ஒரு ஜாண் இடம் இருந்திருக்காது. ஒட்டுப்போட்டதையெல்லாம் தனித்தட்டில் போட்டு, அட்டையில் இவோனே எழுதினாள்: மாற்றிப் பொருத்தியவை, உதிரிக்கு மட்டும். அதை மேசைக்கு முன்வரிசையில், குவால்பெர்த்தோவுக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். புருஷன் பெயரை அவள் பிறகு அந்தச் சந்தையில் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இடுப்பு சரியாகி வால்டெமார் போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். ஒன்றும் வாங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றான்.

"நீ போயிருக்கே."

"போனேன்."

"அவளுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் நான் சொல்லித் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவன் அவள் மேல் கோபப்பட்டு அத்தோடு போயிருக்கும். நெல்பாவுக்கும் அந்த வீட்டில் இருந்து இருந்து பொய் வராமல் போயிருந்தது. "மூணாவதுலேர்ந்தே தெரியுமாம்" என்றாள்.

அவன் முகத்தில் முதலில் வந்தது வெட்கம். அதற்கடுத்து வந்ததைப் பார்க்க அவள் இருக்கவில்லை. தக்காளிக் குழம்பைக் கிளறத் திரும்பிக்கொண்டாள். குழம்பு அப்போது கிளற வேண்டிய பதத்தில் இல்லை.

இரண்டு வாரம் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. பிறகு ஒரு நாள் வால்டெமார் அந்த ஐந்தில் நான்கை எடுத்துக்கொண்டு போய், குறையை வரிசையாகச் சொல்லி உதிரிக்கு விற்றுவிட்டு வந்தான். மிச்ச ஒன்று, ஈட்டி நிழல் விழுந்த மூன்றாவது, இழுப்பறையிலேயே இருந்தது. அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு எப்போதாவது அந்த இழுப்பறையைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்து மூடுவாள். இருக்கும். இருப்பதைப் பார்த்தால் கோபம் வரும். ஒரு நாள் இல்லாமல் போனால் அது எங்கே போயிற்று என்று அதைவிடப் பெரிய கவலை வரும் என்றும் தெரியும்.

கோடையில் இவோன் மேசையை மூடிவிட்டு, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே சால்தோவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்தாள். மூட்டை கட்ட இரண்டு பேருமே போனார்கள். மிச்சமிருந்த கருவிகளில் ஏபெரின் லென்ஸை இவோன் நெல்பாவின் கையில் வைத்தாள். வால்டெமாருக்கு ஒன்றும் தரவில்லை. தராமல் விட்டதிலும் ஏதோ இருக்கிறதென்று நெல்பா பேருந்தில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது சந்தைக்கு நெல்பாவும் ஒவ்வொரு வாரமும் போகிறாள். குவால்பெர்த்தோ ஒன்றை வாங்குவதற்கு முன்னால் அவளிடம் காட்டுகிறான். வருஷப் பிறப்பன்று சால்தோவிலிருந்து போன் வரும். எடுப்பது எப்போதும் வால்டெமார்தான். இந்த வருஷமும் மணி அடித்த உடனே எடுத்துவிட்டான். மழை, ஆரஞ்சு, மகளின் முழங்கால் என்று நின்றபடியே பேசினான். உட்கார நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் நின்றுகொண்டுதான் பேசினான். பிறகு போனை நெல்பாவிடம் நீட்டிவிட்டு, மறுபடி வாங்கிப் பேசலாம் என்று அங்கேயே காத்திருந்தான். நெல்பா இவோனிடம் மழையிலிருந்து ஆரம்பித்தாள். முழங்காலுக்கு மருந்து சொன்னாள், புதிதாக வந்த ஒரு போலி டயலைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள், அதற்கு இவோன் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே சிரித்தாள். வால்டெமார் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றான். கடைசியில் சலித்துப்போய் பால்கனிக்குப் போய்விட்டான். அவன் போனதைப் பார்த்த பிறகும் அவள் உடனே வைக்கவில்லை. கேட்க இன்னும் நிறைய இருந்தது.